யார் இந்த ஓக்பெச்சே? 17 வயசில் உலகக்கோப்பை, 37 வயசில் இந்தியாவில் கோல்டன் பூட்!

2018 அக்டோபர் 18, சென்னை பெரியமேடு நேரு ஸ்டேடியம். நடப்பு சாம்பியன் சென்னையின் எஃப்சி சொந்த மண்ணில் 3-1 என முன்னிலை. சரி, இன்னைக்கு மேட்ச் நம்ம கையில்தான் என்று ரசிகர்கள் சாய்ந்து உட்கார்ந்த நேரம். இடைவேளை விசில் அடிப்பதற்குள் ஸ்கோர் 3-3. எதிரணியின் மூணு கோலையும் அடித்தது ஒரே ஆள். கடைசியில் 4-3 என்று நார்த் ஈஸ்ட் யுனைடெட் ஜெயித்துவிட்டுப் போனது.

அந்த ஒரே ஆள்தான் நைஜீரியாவின் பார்த்தலோமியூ ஓக்பெச்சே. அப்போது அவருக்கு 34 வயசு முடிந்து மூணு வாரம்கூட ஆகவில்லை. ஃபுட்பாலில் ஸ்ட்ரைக்கர்கள் பெரும்பாலும் ஓய்வு பற்றி யோசிக்கிற வயசு அது. ஓக்பெச்சேவோ இந்தியாவில் அப்போதுதான் கணக்கைத் தொடங்கியிருந்தார்.

இப்போ எதுக்கு இவரைப் பற்றி? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் பக்கம் கம்பெனி பசங்க தங்கியிருக்கும் ரூம்களை நினைத்துப் பாருங்க. ஒரு கட்டிலில் அசாம்காரர், பக்கத்துக் கட்டிலில் மலப்புரம்காரர், கீழே பாய் விரித்து நம்ம ஊர் பையன். பி ஷிஃப்ட் முடிந்து வந்து மொபைலில் ஐஎஸ்எல் ஹைலைட்ஸ் ஓடும். இந்த மூணு பேருக்குமே தனித்தனியாக ஓக்பெச்சே கதை ஒன்று இருக்கும். அசாம்காரருக்கு அவர் 'எங்க ஆள்'. கேரளாக்காரருக்கு 'எங்க கேப்டன்'. சென்னை ரசிகருக்கு? மேலே சொன்ன அந்த ராத்திரிதான். ஆனால், இந்தியாவுக்கு வருவதற்கு முன்னால் அவர் எங்கே இருந்தார் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. ரொனால்டினோவோடு ஒரே டிரெஸ்ஸிங் ரூமில் இருந்தவர் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

(ஒரு சின்ன விஷயம்: அவர் பெயரை ஒக்பெச்சே, ஓக்பெச்சே, ஆக்பீச் என்று தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எங்க டெஸ்கிலேயே இதுக்கு ஒரு பஞ்சாயத்து நடந்தது. இந்தக் கட்டுரையில் 'ஓக்பெச்சே' என்றே வைத்துக்கொள்வோம்.)

பாரிஸில் தொடங்கிய கதை

1984 அக்டோபர் 1-ம் தேதி நைஜீரியாவின் கிராஸ் ரிவர் மாநிலத்தில் உள்ள ஓகோஜாவில் பிறந்தவர் ஓக்பெச்சே. டீன் ஏஜிலேயே பாரிஸ் செயின்ட் ஜெர்மைன், அதாவது பிஎஸ்ஜி கிளப்புக்குப் போய்விட்டார். 2001-02 சீசனிலேயே சீனியர் டீமில் களமிறங்கினார்.

அந்த சீசன் பிஎஸ்ஜி லிஸ்டைப் பாருங்க. பிரேசிலில் இருந்து அப்போதுதான் வந்திருந்த ரொனால்டினோ. நைஜீரியாவின் மந்திரக்கால் ஜே-ஜே ஒகோச்சா. பிரான்ஸின் நிக்கோலா அனெல்கா. பின்னாளில் ஆர்செனல் கோச் ஆன மிக்கேல் அர்டெட்டா, டாட்டன்ஹாம், செல்சீ கோச் ஆன மொரிசியோ பொச்செட்டினோ. இவ்வளவு பெரிய தலைகளுக்கு நடுவே 17 வயசு பையன் ஒருத்தன். கோச் லூயிஸ் ஃபெர்னாண்டஸ்.

கேட்கவே பிரமாதமாக இருக்கிறது இல்லையா? ஆனால் இளம் ஸ்ட்ரைக்கருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய டீமில் முன்வரிசை இடம் ரெண்டோ மூணோதான். அதுக்கு வரிசையில் நிற்பவர்கள் உலகப் புகழ் ஆட்கள். கடைசி 15 நிமிஷம், 20 நிமிஷம் என்று உள்ளே அனுப்புவார்கள். அதில் ஸ்ட்ரைக்கருக்குப் பந்தே ரெண்டு தடவைதான் வரும். அதை வைத்து 'இவன் கோல் அடிக்க மாட்டான்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஓக்பெச்சே பிஎஸ்ஜியில் சில சீசன்கள் இருந்தும் லீக் கோல்கள் இரட்டை இலக்கத்தைத் தொடவே இல்லை.

17 வயசு, எதிரே அர்ஜென்டினா

கிளப்பில் வாய்ப்புக் குறைவு என்றால், நாட்டு அணியில் கதவு எதிர்பாராமல் திறந்தது. இதுக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது.

2002 தொடக்கத்தில் மாலியில் நடந்த ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையில் நைஜீரியா மூணாவது இடம்தான் பிடித்தது. நைஜீரியாவில் அது போதாது. கோச் ஷுவைபு அமோடுவை மாற்றினார்கள். புதுசாக வந்த ஃபெஸ்டஸ் ஒனிக்பிண்டே, சன்டே ஒலிசே, ஃபினிடி ஜார்ஜ் போன்ற பெரிய பெயர்கள் இல்லாமலேயே உலகக்கோப்பைக்குக் கிளம்பினார். காலியான இடங்களில் சின்னப் பசங்க உள்ளே வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஓக்பெச்சே.

2002 ஜூன் 2, ஜப்பானின் கஷிமா. எதிரே பாட்டிஸ்டூட்டா விளையாடிய அர்ஜென்டினா. உலகக்கோப்பையில் 17 வயசு 244 நாளில் முதல் பதினொருவரில் ஓக்பெச்சே! பாட்டிஸ்டூட்டாவின் ஒரே கோலில் நைஜீரியா 0-1 தோற்றது. ஜூன் 7-ல் கோபே நகரில் ஸ்வீடனுடன் அடுத்த மேட்ச். 1-2 தோல்வி, ஹென்ரிக் லார்சன் ரெண்டு கோல். கடைசி மேட்சில் இங்கிலாந்தோடு 0-0. 'மரண குரூப்' என்று சொல்லப்பட்ட அந்தப் பிரிவில் ஒரே ஒரு பாயின்ட்டோடு நைஜீரியா ஊர் திரும்பியது.

அந்த உலகக்கோப்பையின் மைதான ஓர விளம்பரப் பலகைகளில் ஹூண்டாய் பெயரும் இருந்தது. அதே கம்பெனி, நாலு வருஷம் முன்னால் 1998-ல், இங்கே இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ தயாரிக்க ஆரம்பித்திருந்தது. அந்தப் பலகை முன்னால் ஓடிய பையன் ஒருநாள் இங்கிருந்து 40, 50 கிலோமீட்டரில் நம்ம டீமைக் கலங்கடிப்பார் என்று அப்போது யார் நினைத்திருப்பார்?

இன்னொருவரையும் சொல்லியாகணும். அதே நைஜீரிய அணியில் ஓக்பெச்சேவைவிடவும் சின்னவர் ஒருவர் இருந்தார். பெயர் ஃபெமி ஒபாபுன்மி. இங்கிலாந்து மேட்சில் ஆடியபோது அவருக்கு வயசு 17 வருஷம் 101 நாள். க்ளாக்கோமா என்கிற கண் அழுத்த நோயால் பார்வை பாதிக்கப்பட்டு, இருபதுகளின் தொடக்கத்திலேயே அவர் ஆட்டம் நின்றுபோனது. ஒரே அணி, ஒரே வயசு. ஒருத்தர் 38 வயசு வரை கோல் அடித்தார். இன்னொருத்தர் 22-ஐத் தாண்டவில்லை.

ஓக்பெச்சேவின் நாட்டு அணிக் கணக்கும் பெரிதாக வளரவில்லை. மொத்தம் 11 மேட்ச், 3 கோல். 2006 உலகக்கோப்பைக்கு நைஜீரியா தகுதியே பெறவில்லை. 2010-லும் 2014-லும் தகுதி பெற்றபோது லிஸ்டில் அவர் பெயர் இல்லை. யாகுபு, ஒபாஃபெமி மார்டின்ஸ் என்று அடுத்த வரிசை ஸ்ட்ரைக்கர்கள் வந்துவிட்டார்கள். 17 வயசில் உலகக்கோப்பை ஆடியவருக்கு, அதுவே முதலும் கடைசியுமான உலகக்கோப்பை.

ஊர் ஊராக ஒரு வாழ்க்கை

பிஎஸ்ஜி அவரை பாஸ்டியா, மெட்ஸ் கிளப்புகளுக்கு 'லோனில்' அனுப்பியது. லோன் என்றால் கடன் இல்லை. சம்பளப் பட்டியல் ஒரு கம்பெனியில், வேலை இன்னொரு கம்பெனியில் என்று நம்ம ஏரியாவில் கேள்விப்பட்டிருப்பீங்களே, கிட்டத்தட்ட அதுதான். கிளப் வீரரை வைத்திருக்கும். ஆனால் ஆட இடம் தராது. வேறு இடத்தில் ஆடி நிரூபித்தால் திரும்பக் கூப்பிடும். இல்லையென்றால் ஒப்பந்தம் முடியும்போது கைகுலுக்கி அனுப்பிவிடும்.

ஓக்பெச்சே 2005-ல் பாரிஸை விட்டுக் கிளம்பினார். அதற்கப்புறம் போன ஊர்களைச் சொன்னாலே மூச்சு வாங்கும். அபுதாபியின் அல் ஜசீரா. ஸ்பெயினில் அலாவெஸ், வயாடோலிட், காடிஸ். கிரீஸில் கவாலா. இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ. மறுபடி ஸ்பெயினுக்கு, ஷெரெஸ். அப்புறம் நெதர்லாந்தில் காம்பூர், வில்லம் டூ. இந்தியாவுக்கு வருவதற்குள்ளேயே ஆறு நாடுகளில் ஒரு டஜன் கிளப்புகள் ஆகிவிட்டன.

வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தம். புது ஊர், புது பாஷை, புது கோச். முதல் மாசம் கோல் விழவில்லை என்றால் பெஞ்ச். 'நிரந்தரம்' என்ற வார்த்தையே இல்லாத வேலை. ஃபுட்பால் என்றாலே மெஸ்ஸி, ரொனால்டோ சம்பளம்தான் நமக்குத் தெரியும். ஆனால், இந்த விளையாட்டில் பெரும்பாலானவர்கள் ஓக்பெச்சே மாதிரி அடுத்த ஜூன் மாசம் எங்கே இருப்போம் என்று தெரியாமல்தான் ஆடுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது நெதர்லாந்துக் காலம். முப்பதை நெருங்கும்போது அங்கே போனவருக்கு, ரெகுலராக முதல் பதினொருவரில் இடம் கிடைத்தது. கோலும் வர ஆரம்பித்தது. டச்சு ஃபுட்பால் உலகத்தில் அவர் பெயர் பழகியது. இந்தியாவுக்கான வழி அங்கிருந்துதான் திறந்தது என்று சொல்லலாம். 2018-ல் நார்த் ஈஸ்ட் யுனைடெட் கோச்சாக இருந்த எல்கோ ஷட்டோரி ஒரு டச்சுக்காரர்.

இந்தியாவில் ஐந்து வருஷம், நாலு ஜெர்சி

முதல் சீசன், 2018-19, நார்த் ஈஸ்ட். 12 கோல். அந்த டீம் தன் வரலாற்றில் முதல்முறையாக ப்ளேஆஃப் போனது. அரையிறுதியில் பெங்களூருவை குவாஹாட்டியில் 2-1 என்று வீழ்த்தி, அடுத்த மேட்சில் பெங்களூருவில் 0-3 தோற்று வெளியேறினார்கள். நம்ம சென்னையின் அந்த சீசனில் கடைசி இடம். சாம்பியனாக ஆரம்பித்து, பட்டியலின் அடியில் முடித்தார்கள். அந்த அக்டோபர் ராத்திரி அதுக்கான முன்னறிவிப்பு போலவே இருந்தது.

ஓக்பெச்சே விட்டுப்போன இடத்துக்கு நார்த் ஈஸ்ட் யாரைக் கொண்டுவந்தது தெரியுமா? கானாவின் அசமோவா கியான்! உலகக்கோப்பையில் ஆறு கோல் அடித்தவர். ஆப்பிரிக்க வீரர்களில் அதுதான் சாதனை. பெயரை வைத்துப் பார்த்தால் ஓக்பெச்சேவைவிடப் பல மடங்கு பெரிய ஆள். ஆனால் காயங்கள் விடவில்லை. நாலே கோலோடு அவரது இந்தியப் பயணம் முடிந்தது. பெரிய பெயர் வேறு, இந்த வெக்கையிலும் ஈரப்பதத்திலும் வாரத்துக்கு வாரம் ஆடுவது வேறு.

2019-20-ல் ஷட்டோரி கேரளா பிளாஸ்டர்ஸுக்குப் போனார். ஓக்பெச்சேவும் கூடவே போய் கேப்டன் ஆனார். டீம் ஏழாவது இடம்தான். ஆனால் அவர் மட்டும் 15 கோல். இங்கேதான் சென்னை ரசிகர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். 2020 பிப்ரவரி 1, கொச்சி. மறுபடியும் சென்னைக்கு எதிராக ஓக்பெச்சே ஹாட்ரிக். ஆனால் இந்தத் தடவை ஸ்கோர்: சென்னையின் 6, கேரளா 3! கிரிவெல்லாரோ, வால்ஸ்கிஸ், சாங்டே மூணு பேரும் ஆளுக்கு ரெண்டு. ஹாட்ரிக் அடித்தும் தோற்ற கேப்டனாக மைதானத்தை விட்டு வெளியே வந்தார் ஓக்பெச்சே.

அதோடு முடியவில்லை. சீசன் முடிவில் சென்னையின் வால்ஸ்கிஸ், ஏடிகே-யின் ராய் கிருஷ்ணா, கேரளாவின் ஓக்பெச்சே மூணு பேருமே 15 கோல். கோல் எண்ணிக்கை சமமாக இருந்தால் பார்க்கும் மற்ற கணக்குகளில் கோல்டன் பூட் வால்ஸ்கிஸ் கைக்குப் போனது.

அடுத்து கொரோனா காலம். 2020-21 சீசன் முழுக்க கோவாவில், ரசிகர்களே இல்லாமல், பயோ பபிளில் நடந்தது. ஓக்பெச்சே மும்பை சிட்டியில். அங்கே ஆடம் லி ஃபாண்ட்ரே என்ற இன்னொரு ஸ்ட்ரைக்கரோடு இடத்தைப் பங்கு போட வேண்டியிருந்தது. கோல் 8 தான். ஆனால் லீக் ஷீல்டு, ஐஎஸ்எல் கோப்பை ரெண்டும் அந்த டீமுக்கே. அப்போது அவருக்கு வயசு 36. இத்தோடு மூட்டை கட்டிவிடுவார் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

ஹைதராபாத் எஃப்சி கோச் மனோலோ மார்க்வெஸ் அப்படி நினைக்கவில்லை. 2021-22-ல் ஓக்பெச்சே அடித்தது 18 கோல். ஒரே சீசனில் 18 என்பது அதற்கு முன் கோவாவின் ஃபெரான் கோரோமினாஸ் மட்டும் தொட்ட உயரம். அதே சீசனில், 'கோரோ' வைத்திருந்த மொத்தம் 48 ஐஎஸ்எல் கோல் சாதனையையும் தாண்டினார். முன்பு கைநழுவிய கோல்டன் பூட் 37 வயசில் வந்தது. 2022 மார்ச் 20, ஃபடோர்டாவில் இறுதிப்போட்டி; எதிரே அவரது பழைய டீம் கேரளா. 1-1 என்று முடிந்து பெனால்டி ஷூட்அவுட்டுக்குப் போனது. ஹைதராபாத் கோல்கீப்பர் கட்டிமணி மூணு ஷாட்டைத் தடுக்க, கோப்பை ஹைதராபாத்துக்கு.

அந்த வயசில் எப்படி இத்தனை கோல்?

ஓக்பெச்சே ஹைலைட்ஸைப் பார்த்தால் ஒன்று புரியும். அவர் அதிகம் ஓட மாட்டார். டிஃபெண்டரின் முதுகுப் பக்கம், அவர் கண்ணில் படாத இடத்தில் நின்றுகொண்டு இருப்பார். கிராஸ் வரும் அந்த ஒரு நொடியில் ரெண்டு அடி முன்னே வருவார். அவ்வளவுதான். முதுகைக் காட்டி பந்தை அடக்கிவைத்து, பின்னால் வரும் இந்திய விங்கர்களுக்குத் தட்டிவிடுவதும் அவர் பாணி. வேகம் வயசோடு போகும். எங்கே நிற்கணும் என்ற அறிவு வயசோடுதான் வரும். ஒரு டஜன் கிளப்பில் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த அனுபவத்துக்கும் இதில் பங்கு இருக்கும் என்பது என் எண்ணம்.

ஆப்பிரிக்க ஸ்ட்ரைக்கர்களுக்கும் இந்தியாவுக்கும் என்ன உறவு?

இந்த வரிசையை ஓக்பெச்சே தொடங்கி வைக்கவில்லை. படிக்க வந்த நைஜீரிய மாணவர் சீமா ஒகோரி, 1985-ல் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங்கில் சேர்ந்து, பிறகு ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்று கொல்கத்தாவையே கலக்கினார். அப்புறம் கோவாவில் ஒடாஃபா ஒகோலி. டெம்போவில் ரான்டி மார்டின்ஸ்; இந்திய தேசிய லீக்கில் 200 கோலுக்கு மேல் அடித்தவர். சென்னையின் ஜெர்சியிலும் டுடு ஒமக்பெமி, டேனியல் சீமா சுக்வு என்று நைஜீரிய ஸ்ட்ரைக்கர்கள் ஆடியிருக்கிறார்கள். அந்த ஜெர்சியின் மார்பில் பல சீசன்கள் இருந்த பெயர், ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் அப்போலோ டயர்ஸ்.

இவர்கள் மேலே தெரிபவர்கள். கீழே வேறு ஒரு உலகம் இருக்கிறது. கேரளாவின் மலபார் பகுதியில் நடக்கும் 'செவன்ஸ்' போட்டிகளில் ஒவ்வொரு சீசனும் ஆப்பிரிக்க இளைஞர்கள் ஆடுகிறார்கள். 2018-ல் வந்த 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' மலையாளப் படம் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மேட்ச்சுக்கு இவ்வளவு என்று கூலி. காலில் அடிபட்டால் கூலி இல்லை. 2024 மார்ச்சில் மலப்புரம் மாவட்டத்தில் ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவரைப் பார்வையாளர்கள் துரத்தி அடித்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. தன்னை இனத்தைச் சொல்லித் திட்டினார்கள் என்று அவர் போலீஸில் புகாரும் கொடுத்தார். கோல் அடித்தால் தோளில் தூக்குவதும் இதே கூட்டம்தான்.

மேல்மட்டத்திலும் எல்லாம் சுகம் இல்லை. ஓக்பெச்சே கோப்பை ஜெயித்துக் கொடுத்த அதே ஹைதராபாத் எஃப்சி, அவர் கிளம்பிய அடுத்த சீசனில் சம்பள பாக்கிப் பிரச்னையில் சிக்கியது. வீரர்கள் ஒவ்வொருவராக வெளியேற, புது வீரர்களைப் பதிவு செய்ய ஃபிஃபா தடையும் வந்தது.

இந்திய ஸ்ட்ரைக்கர்கள் வளராததற்கு இவர்கள்தான் காரணமா?

இந்தக் கேள்வி சோஷியல் மீடியாவில் அடிக்கடி வரும். ஐஎஸ்எல் கிளப்புகள் வெளிநாட்டு இடங்களில் ஒன்றைப் பெரும்பாலும் ஸ்ட்ரைக்கருக்குத்தான் செலவழிக்கின்றன. அதனால் இந்தியப் பையன்கள் விங்குக்குத் தள்ளப்படுகிறார்கள் என்பது உண்மைதான். 2021-22 முதல் களத்தில் ஒரே நேரத்தில் நாலு வெளிநாட்டினர் மட்டும் என்று விதியையும் இறுக்கினார்கள். ஆனால் அதே 2021-22-ல்தான் ஓக்பெச்சே 18 கோல் அடித்தார். இடம் குறைந்தால் கிளப்புகள் முதலில் விட்டுக்கொடுப்பது ஸ்ட்ரைக்கர் இடத்தை இல்லை. வேலைக்கு வந்தவரைக் குறை சொல்லி என்ன பயன்? பதினைந்து வயசு இந்தியப் பையனுக்கு வருஷத்துக்கு எத்தனை மேட்ச் கிடைக்கிறது என்பதில்தான் பிரச்னை ஆரம்பிக்கிறது.

இப்போது சாதனை யாரிடம்?

2022-23-ல் ஹைதராபாத்துக்காக இன்னும் 10 கோல் அடித்துவிட்டு, 38 வயசில் ஐஎஸ்எல்-ஐ விட்டுக் கிளம்பினார் ஓக்பெச்சே. மொத்தக் கணக்கு: 98 மேட்ச், 63 கோல்.

அந்த 63-ஐத் தாண்டியவர் நம்ம சுனில் சேத்ரி. 2024 செப்டம்பர் 28-ல் பெங்களூரு கண்டீரவாவில், மோகன் பகானுக்கு எதிராகப் பெனால்டியில் 64-வது கோலை அடித்தார். அப்போது அவருக்கு வயசு 40. 64-ஐத் தொட சேத்ரிக்கு 150 மேட்ச்சுக்கு மேல் தேவைப்பட்டது. ஓக்பெச்சே 63-க்கு நூறு மேட்ச்கூட எடுத்துக்கொள்ளவில்லை.